வல்லுநரைக் கேட்டும் சென்சிட்டிவிட்டி அனாலிசிஸ் இடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

களத்தில் திரட்டிய தரவை வைத்து 'இதனால்தான் அது நடந்தது' என்று எழுதப் போகிறவருக்கு ஒரு தொல்லை உண்டு. அளக்காமல் விட்ட ஏதோ ஒன்று காரணத்தையும் விளைவையும் சேர்த்தே ஆட்டிக்கொண்டிருக்கலாம். இதுதான் கன்ஃபவுண்டர். அளக்காததை ரெக்ரஷனில், அதாவது மற்றக் காரணிகளின் பங்கைப் பிரித்தெடுக்கும் கணக்கில், போட முடியாது. அதனால் 'அப்படி ஒன்று இருந்தால், எவ்வளவு பெரிதாக இருந்தால் என் முடிவு கவிழும்?' என்று கணக்குப் போடுகிறோம். இதற்குத்தான் சென்சிட்டிவிட்டி அனாலிசிஸ் என்று பெயர். கவிழ்க்க எவ்வளவு தேவை என்பதைக் கணக்கு சொல்லிவிடும். அவ்வளவு பெரிதாக ஒன்று அந்த ஊரில் இருந்ததா என்பதை ஊரறிந்தவரும் துறையறிந்தவரும்தான் சொல்ல வேண்டும். கோளாறுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான் நுழைகின்றன.

எல்லா அறிகுறிக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும் 2005 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்தக் கரையோரத்தின் 18 குப்பங்களை ஒப்பிட்டு, சுரபுன்னைக் காடு (மாங்குரோவ்) இருந்த பக்கம் உயிர்ச்சேதம் குறைவு என்றார்கள். அடுத்த ஆண்டே கெர், பேர்ட், கேம்ப்பெல் என்ற மூவர் அதே எண்களை எடுத்து மறுத்தார்கள்: கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு மேடு என்ற இரண்டையும் கணக்கில் எடுத்துவிட்டால் காட்டுக்கென்று மிஞ்சுவது மிகக் குறைவு என்பது அவர்கள் வாதம். தூரமும் மேடும் அளக்கக்கூடியவை. அவற்றை அளந்து சேர்த்த பிறகும் காட்டின் பங்கு கொஞ்சம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அளக்காதது எது? இனி வரும் மடங்குகளும் சதவீதங்களும் பயிற்சிக்காக நான் வைத்தவை, அந்த ஆய்வுகளில் உள்ளவை அல்ல. காடு இல்லாத பக்கம் இறப்பு அபாயம் 2 மடங்கு. 95 சதவீத வரம்பு, அதாவது உண்மை மடங்கு இருக்கக்கூடிய இடைவெளி, 1.3 முதல் 3.1 வரை.

அறிகுறி: "இ-வேல்யூ 3.41 வந்திருக்கிறது. பெரிய எண், ஆகவே முடிவு உறுதி" என்று எழுதியாகிவிட்டது

இ-வேல்யூவை 2017 இல் டைலர் வாண்டர்வீலும் பெங் டிங்கும் முன்வைத்தார்கள். மடங்கை எடுத்து, அதை அதிலிருந்து ஒன்று குறைந்ததோடு பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, மடங்கோடு கூட்ட வேண்டும். 2 க்கு 2 + √2, அதாவது 3.41. மறைந்திருக்கும் காரணி காட்டோடும் இறப்போடும் தலா 3.41 மடங்காவது தொடர்பு கொண்டிருந்தால்தான் உங்கள் 2 மடங்கு முழுவதையும் கரைக்க முடியும் என்று பொருள். அவ்வளவுதான். 'உறுதி' என்ற சொல் இதில் எங்கும் இல்லை.

முதலில் வரம்பின் கீழ் எல்லைக்கும் அதே கணக்கைப் போடுங்கள். 1.3 க்கு 1.92 தான் வரும். அந்த எண்ணோடு ஒப்பிட்டால் எழுதிய வாக்கியத்தின் குரல் தானாகவே தாழும். அடுத்து, இரண்டு தொடர்பும் சமமாக 3.41 இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4 என்றாலும் போதும்: 3 × 4 = 12; 3 + 4 − 1 = 6; 12 ஐ 6 ஆல் வகுத்தால் 2. முடிவு முழுவதும் கரைந்துவிட்டது.

மூன்றாவதுதான் உண்மையான பழுது: 3.41 எதோடு ஒப்பிடும்போது பெரிது? இந்த வழிக்கு மூலம் 1959 இல் கார்ன்ஃபீல்டும் உடனிருந்தவர்களும் எழுதிய புகையிலைக் கட்டுரை. புகைபிடிக்கும் ஆசையையும் நுரையீரல் புற்றையும் ஒரே மரபணு தூண்டலாமே என்று புள்ளியியலாளர் ஃபிஷர் கிளப்பியிருந்தார். கார்ன்ஃபீல்ட் குழு சொன்ன பதில்: புகைபிடிப்பவருக்கு அபாயம் 9 மடங்கு என்றால், அந்த மரபணுவும் அவர்களிடம் குறைந்தது 9 மடங்கு அதிகமாகக் காணப்பட வேண்டும். அப்படி ஒன்றை யாராலும் காட்ட முடியவில்லை. வாதத்தை வென்றது 9 என்ற எண் மட்டுமல்ல. 'அப்படி ஒன்று இல்லை' என்று துறை தெரிந்தவர்கள் சொல்லக்கூடிய நிலை இருந்ததும்தான். நம்முடைய 3.41 க்கு அந்த இரண்டாம் பாதியை இன்னும் யாரும் நிரப்பவில்லை.

அறிகுறி: வல்லுநர் "எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறார், அல்லது வாய்க்கு வந்த எண்ணைச் சொல்கிறார்

குறை அவரிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது. 'மறைகாரணியின் ரிஸ்க் ரேஷியோ (அபாய மடங்கு) எவ்வளவு?' என்று கடல் உயிரியல் பேராசிரியரைக் கேட்டாலும் திணறுவார், முடசலோடை மீனவரைக் கேட்டாலும் திணறுவார். ரிஸ்க் ரேஷியோவை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்தது ஆட்களை, வீடுகளை, படகுகளை. கேள்வி அதைப் பற்றி இருக்க வேண்டும்.

சுனாமி வந்தது ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த நேரத்தில் கரையில் நின்றவர்கள் எத்தனை பேர் என்பது ஒவ்வொரு குப்பத்தின் தொழிலைப் பொறுத்தது. கடலுக்குப் போகும் குப்பம் பெரும்பாலும் திறந்த கடலைப் பார்த்து, காடில்லாத பக்கம் இருக்கும். காட்டுக்குப் பின்னால் உப்பங்கழியில் இறால் பிடிப்பவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள். ஆக, தொழில் காட்டோடும் ஒட்டுகிறது, இறப்போடும் ஒட்டுகிறது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"அண்ணே, அந்த மாதிரி ஒரு ஞாயித்துக்கிழமை காலையில எட்டரை மணிக்கு, உங்க குப்பத்துல நூறு பேருக்கு எத்தனை பேர் கரையில இருப்பாங்க?"

"போட்டு அணையற நேரம் தம்பி. பாதிக்கு மேல கரையிலதான். பொம்பளைங்க கூடையோட நிப்பாங்க, ஏலம் நடக்கும்."

"உள்ள, காட்டுக்குப் பின்னால கிள்ளை பக்கம்?"

"அங்க யாரு கடலோரம் நிக்கப் போறா? நூத்துக்கு இருபது இருந்தா பெரிசு."

'பாதிக்கு மேல' என்பதை 60 என்று வைத்தால் இரண்டு எண் கிடைத்துவிட்டது: 60, 20. மூன்றாவது, கரையில் நின்றவருக்கு வீட்டில் இருந்தவரைவிட அபாயம் எத்தனை மடங்கு. இதை அவரிடம் கேட்காமல், மற்ற கடற்கரைகளில் செய்த ஆய்வுகளைப் படித்த தொற்றுநோயியல் ஆளிடம் கேட்பது நல்லது. அவர் 4 என்கிறார் என்று வைப்போம். மடங்கில் ஒன்றைக் கழித்து, விகிதத்தால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். திறந்த பக்கம் 1 + 3 × 0.6 = 2.8. காட்டுப் பக்கம் 1 + 3 × 0.2 = 1.6. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.75. உங்கள் 2 ஐ 1.75 ஆல் வகுத்தால் 1.14 மிஞ்சுகிறது. திறந்த பக்கத்து விகிதம் 40 தான் என்றால் 1.45 மிஞ்சும். 70 க்கு 10 என்றால் 0.84, அதாவது திசையே திரும்பிவிடும்.

இங்கே இன்னொன்றும் தெரிகிறது. 60 க்கு 20 என்பது 3 மடங்கு, அபாயம் 4 மடங்கு. மேலே இதே 3 உம் 4 உம் முடிவை முழுதாகக் கரைத்தன, இங்கே 1.14 மிச்சம். இ-வேல்யூ மிக மோசமான நிலையை வைத்துக் கணக்கிடுகிறது, ஊர் எப்போதும் அவ்வளவு மோசமாக இருப்பதில்லை. வல்லுநர் கொடுத்த சதவீதங்கள் அந்த இடைவெளியை வெளிக்காட்டுகின்றன. இதற்காகத்தான் அவரைத் தேடிப் போகிறோம்.

ஒற்றை எண்ணோடு நிற்க வேண்டாம். தரையில் சாக்பீஸால் ஐந்து கட்டம் போட்டு, 0–20, 20–40 என்று குறித்து, 20 புளியங்கொட்டையைக் கையில் கொடுங்கள். எங்கே எவ்வளவு நம்பிக்கையோ அங்கே அவ்வளவு கொட்டை. ஒரு கொட்டைக்கு 5 சதவீதம். கணினியில் சில்லு அடுக்கும் ரூலெட் முறையும் இதேதான். வல்லுநர் கருத்தைத் திரட்ட ஷெஃபீல்டில் உருவான ஷெல்ஃப் நெறிமுறையில் இது இருக்கிறது. லேப்டாப் திரையைவிடப் புளியங்கொட்டையில் ஆட்கள் தாராளமாகக் கைவைக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. எதிரில் இருப்பவர் அந்தக் கரையில் ஆளைப் பறிகொடுத்தவராக இருக்கலாம். இறந்தவர்களைக் கொட்டையால் எண்ணச் சொல்லாதீர்கள். சாதாரண ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேளுங்கள். உங்களுக்கு வேண்டிய விகிதம் அதிலேயே கிடைத்துவிடும்.

அறிகுறி: ஐந்து பேரைக் கேட்டீர்கள், ஐந்து பேரும் 60 என்கிறார்கள்

எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்திருப்பீர்கள். மூத்த பேராசிரியரோ ஊர்ப் பஞ்சாயத்தாரோ முதலில் வாயைத் திறந்திருப்பார். "ஐயா சொன்னதுதான் எனக்கும்." நம் ஊரில் அதை மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு. முதலில் காதில் விழுந்த எண்ணிலேயே மனம் நங்கூரம் போட்டுக்கொள்ளும் என்பதை டிவெர்ஸ்கியும் கானமனும் 1974 இல் விரிவாக எழுதினார்கள். இரண்டும் சேர்ந்தால் உங்களிடம் ஐந்து கருத்து இல்லை, ஒன்றுதான் இருக்கிறது.

தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்கிவிட்டு, பிறகு கூட்டுங்கள். கூட்டத்தில் பெயர் சொல்லாமல் ஐந்து பேரின் கொட்டைக் கட்டப் படத்தையும் மாட்டி, எண்ணை விட்டுவிட்டு, ஏன் அப்படி நினைத்தார்கள் என்பதை மட்டும் பேச விடுங்கள். பேசியதும் ஒவ்வொருவரும் மறுபடி தனியாகக் கொட்டை வைக்கட்டும். பெயர் மறைத்துச் சுற்று சுற்றாகக் கேட்கும் டெல்ஃபை முறை ராண்ட் நிறுவனத்தில் 1950 களிலேயே தொடங்கியது. நேரில் கூட முடியாதபோது அது போதும். கேட்கும் நீங்களும் "அறுபது இருக்குமா?" என்று ஆரம்பிக்காதீர்கள். அதுவும் நங்கூரம்தான்.

அறிகுறி: வல்லுநர் தந்த வரம்பு நம்ப முடியாத அளவுக்குக் குறுகல்

"58 லிருந்து 62 க்குள்ள." இருபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு காலைப்பொழுதைப் பற்றி இவ்வளவு துல்லியமா? இது அவர் மட்டும் செய்வதில்லை. 98 சதவீதம் உறுதி என்று சொல்லி வரம்பு தரச் சொன்ன ஆல்பெர்ட், ரைஃபா ஆய்வின் முதல் சுற்றில், சரியான விடை வரம்புக்கு வெளியே விழுந்தது 40 சதவீதத்துக்கும் மேல். படித்தவர்களிடமே இந்த நிலை.

ஓரங்களை முதலில் கேளுங்கள், நடுவைக் கடைசியில். "இதுக்கு மேல இருக்கவே இருக்காதுன்னு எதைச் சொல்வீங்க?" என்று கேட்டு, பதில் வந்ததும், "சரி, யாரோ ஒருத்தர் வந்து 75 ன்னு நிரூபிச்சிட்டாங்கன்னு வைங்க. எப்படி அது நடந்திருக்கும்?" என்று தொடருங்கள். காரணம் ஒன்றை அவரே சொல்லிவிட்டால் வரம்பை அவரே விரிப்பார்.

விடை தெரிந்த கேள்விகள் சிலவும் கையில் இருக்கட்டும்: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த வட்டத்தில் நூறு வீட்டுக்குக் கான்கிரீட் கூரை எத்தனை என்பது மாதிரி. டெல்ஃப்ட்டின் ரோஜர் குக் வகுத்த முறையில் இப்படிப்பட்ட விதைக் கேள்விகளில் தேறியவருக்கு அதிக எடை தரப்படும். நான்கைந்து பேரை மட்டும் வைத்துக்கொண்டு எடை போடும் அளவுக்கு நான் போக மாட்டேன். யாருடைய வரம்பை விரிக்க வேண்டும் என்று பார்க்க மட்டும் இது உதவும்.

அறிகுறி: வல்லுநர் சொல்வதும் உங்கள் தரவும் அச்சு அசலாக ஒத்துப்போகின்றன

மகிழ்ச்சியாக இருக்கும், ஆனால் எனக்கு மற்ற எல்லா அறிகுறிகளையும்விட இதுதான் பயம். இந்தக் கரையோரத்துப் பிச்சாவரம் சுரபுன்னைக் காடு காப்பாற்றியது என்ற கதை 2005 இலிருந்து பத்திரிகைகளிலும், தொண்டு நிறுவனக் கூட்டங்களிலும், பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்று ஒருவர் "காடுதான் தம்பி காப்பாத்துச்சு" என்றால், அது அவர் பார்த்ததா, படித்ததா? படித்தது என்றால் நீங்கள் ஒரே தரவை இரண்டு முறை எண்ணுகிறீர்கள். முதல் முறை ஆய்வாக, இரண்டாம் முறை வல்லுநர் கருத்தாக.

காட்டைப் பற்றியோ இறப்பைப் பற்றியோ கேட்காமல், இடையில் இருக்கும் உறுப்புகளைப் பற்றி மட்டும் கேளுங்கள்: படகு அணையும் நேரம், ஏலம் நடக்கும் இடம், மாடி வீடுகள் எத்தனை, மேட்டுக்கு ஓட வழி எது. இவற்றைப் பற்றி எந்தக் கட்டுரையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்காது. ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் 'இது எப்படித் தெரியும்' என்று ஒரு பத்தி வையுங்கள். அந்தப் பத்தியில் 'பேப்பரில் படித்தேன்' என்று வந்தால் அந்த எண்ணைத் தனியே வைத்துவிடுங்கள். பேராசிரியர்களுக்கும் இதே பத்தி உண்டு. அவர்களுடையது பெரும்பாலும் அந்த வரியாலேயே நிரம்பும்.

அறிகுறி: கன்ஃபவுண்டர் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது

"ஊருக்குள் நீர் எவ்வளவு ஆழம் வந்தது என்பதையும் சேருங்கள்" என்பார் ஒருவர். அலையைக் காடு தணித்தால்தான் ஆழம் குறைகிறது. அது காட்டின் வழியாக வந்த விளைவு. அதைச் சரிக்கட்டினால் நீங்கள் தேடும் விளைவையே வெட்டி எறிகிறீர்கள். "நிவாரணப் பட்டியலில் உள்ள குடும்பங்களை மட்டும் எடுங்கள்" என்பார் இன்னொருவர். பட்டியலில் பெயர் ஏறுவது சேதத்தையும் பொறுத்தது, அந்த இடத்துக்கு ஆட்கள் போய்ச் சேர முடிந்ததா என்பதையும் பொறுத்தது. அப்படி வடிகட்டினால் இல்லாத தொடர்பு ஒன்று புதிதாக முளைக்கும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இது காட்டுக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா? அம்புப் படத்தை வல்லுநரையே தாளில் வரையச் சொல்லுங்கள். முன்னால் வந்து இரு பக்கமும் அம்பு போகிறவை மட்டும் நிற்கும். பட்டியல் பாதியாகிவிடும்.

மிஞ்சியவை எல்லாம் ஒரே திசையில் இழுக்கின்றனவா என்றும் பாருங்கள். முடிவைக் கெடுக்கக்கூடியவற்றையே எல்லோரும் யோசிப்பார்கள். காட்டின் பங்கைக் குறைத்துக் காட்டக்கூடியது எது என்று தனியாகக் கேளுங்கள்: காட்டுக்குப் பின்னால் இருந்தவர்களின் வீடுகள் குடிசைகளாகவும் திறந்த பக்கத்து வீடுகள் கல்வீடுகளாகவும் இருந்தால்?

அறிகுறி: அளவே பிடிபடவில்லை, "ரொம்ப இருக்கும்" என்பதோடு நிற்கிறார்

அளந்த ஒன்றை அளவுகோலாகக் கொடுங்கள். "கடல் தூரத்தைவிடப் பெரிய காரணமா, சின்னதா? பாதியா?" சினெல்லியும் ஹாஸ்லெட்டும் 2020 இல் இதை ஒழுங்கான கணக்காக்கினார்கள், ஆர் மென்பொருளில் சென்ஸ்மேக்கர் என்ற தொகுப்பு இருக்கிறது. கடல் தூரத்தின் பலத்தில் எத்தனை பங்கு கொண்ட மறைகாரணி முடிவைக் கவிழ்க்கும் என்று அது சொல்லும். தூரத்தைவிட மூன்று மடங்கு பெரிது வேண்டும் என்று வந்தால், இந்தக் கரையில் அதை ஒப்புக்கொள்ள ஆள் கிடைக்காது. பாதி போதும் என்று வந்தால் உங்கள் கட்டுரைக்குச் சிக்கல்தான்.

அறிகுறி: மான்டே கார்லோ ஓட்டினால் விடை கண்டபடி சிதறுகிறது

மான்டே கார்லோ என்றால் வல்லுநர் தந்த வரம்புகளுக்குள் எண்களைத் தற்செயலாக இழுத்து, அதே கணக்கைப் பலமுறை ஓட்டிப் பார்ப்பது. அதில் இரண்டு விகிதங்களையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இழுத்திருப்பீர்கள். திறந்த பக்கம் 30 முதல் 80, காட்டுப் பக்கம் 5 முதல் 40 என்று தனித்தனியே இழுத்தால், சில ஓட்டங்களில் காட்டுப் பக்கத்தில்தான் கரையில் கூட்டம் அதிகம் என்று வரும். அதை எந்த வல்லுநரும் சொல்லவில்லை. காட்டுப் பக்கத்தை முதலில் கேட்டு, 'அதைவிட இங்கே எத்தனை மடங்கு' என்று அடுத்ததைக் கேட்டால் இது தீரும். மாதிரிப் பிழையையும் அதே ஓட்டத்தில் சேர்க்க மறக்காதீர்கள். குப்பங்கள் 18 தான் என்றால், கன்ஃபவுண்டர் எதுவும் இல்லாவிட்டாலும் வரம்பு அகலமாகவே இருக்கும்.

அறிகுறி: இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்

மீனவர்கள் 60 க்கு 20 என்கிறார்கள், வனத்துறையில் இருந்தவர்கள் 30 க்கு 20 என்கிறார்கள். சராசரி எடுத்து 45 என்று போட்டால், யாருமே நம்பாத ஓர் எண்ணில் ஆய்வு நிற்கும். இரண்டையும் தனித்தனியே ஓட்டுங்கள்: முதலாவதில் 1.14, இரண்டாவதில் 1 + 3 × 0.3 = 1.9 ஐ 1.6 ஆல் வகுத்தால் 1.19, மிச்சம் 1.68. கருத்து வேறுபாடு எங்கே என்பதே இப்போது கண்டுபிடிப்பு. அடுத்த களப்பணியில் அளக்க வேண்டியது படகு அணையும் நேரத்துக் கூட்டத்தை என்பது தெளிவாகிவிட்டது.

அறிகுறி: முடிவைப் பார்த்ததும் வல்லுநர் எண்ணை மாற்றக் கேட்கிறார்

முடிவைக் காட்டும் முன்பே தாளில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். புதிய விவரம் கிடைத்து மாற்றினால் இரண்டாம் தாளில் எழுதட்டும், முதல் தாளும் கோப்பில் இருக்கட்டும்.

அறிகுறி: "ஒரே எண் கொடுங்கள்" என்று அலுவலகத்தில் நச்சரிக்கிறார்கள்

எண்ணைக் கேட்கிறவருக்கு நிபந்தனையோடு ஒரு வாக்கியம் கொடுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். இந்த உதாரணத்துக்கு நான் எழுதக்கூடியது இது: 'தூரத்தையும் தரை உயரத்தையும் சேர்த்த பிறகு, காடில்லாத பக்கம் அபாயம் 2 மடங்கு (1.3–3.1). காலையில் கரையில் நின்றவர்களின் விகிதத்தை அளக்கவில்லை. மீனவர்கள் தந்த விகிதத்தை ஏற்றால் மைய மதிப்பு 1.14 ஆகக் குறைகிறது, வரம்பு 1 ஐ உள்ளடக்குகிறது. வனத்துறையினர் தந்ததை ஏற்றால் 1.68. எந்த விகிதம் சரி என்பதை இந்தத் தரவால் தீர்க்க முடியாது.' கொட்டை வைத்த கட்டங்களின் புகைப்படங்களையும் 'இது எப்படித் தெரியும்' பத்தியையும் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள். ஆட்களின் பெயர் மட்டும் வேண்டாம்.